நன்றி அறிந்த முனிவர்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலை பிடுங்கும் நாள்களில் ஞாயிறு திருப்பலியின் காணிக்கைப் பவனிக்கு மெழுகுதிரியும் பழத்தட்டும் மட்டும் வருவதில்லை. யாராவது ஒரு தாய், வேரில் ஈரமண் ஒட்டியிருக்க, ஒரு கடலைச் செடியைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்பார். பீடத்தை அலங்கரித்தவர்களுக்கு அந்த மண் சற்றுச் சங்கடம்தான். ஆனாலும் அன்றைய காணிக்கையில் கனமானது அதுவே என்று வாங்குகிற நமக்குத் தெரியும். எந்த நிலத்தில் இறைவன் கொடுத்தாரோ, அந்த நிலத்தின் விளைச்சலைக் கொண்டே அந்தத் தாய் நன்றி சொல்கிறார்.

இப்படிப் பெற்றதைக் கொண்டே நன்றி செலுத்திய ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். நம் எல்லாருக்கும் பள்ளிப் பாடநூலிலிருந்தே தெரிந்தவர்தான் அவர். வீரமாமுனிவர்.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. இயேசு சபையில் சேர்ந்து குருவாகி, 1710இல் கோவாவில் வந்திறங்கி, அங்கிருந்து தமிழ்நாட்டிற்கு வந்தார். மதுரை மறைத்தளத்தில் காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி எனப் பல இடங்களில் பணியாற்றினார். காவி உடுத்தி, புலால் நீக்கி, நம் துறவியரைப் போல வாழ்ந்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், பிறகு அதையே செந்தமிழில் வீரமாமுனிவர் ஆக்கிக்கொண்டார்.

வந்தபோது அவருக்கு வயது முப்பது. நற்செய்தியைக் கொடுக்க வந்தவர், முதலில் பெறுகிறவராக உட்கார வேண்டியிருந்தது. எழுத்து, சொல், யாப்பு எல்லாவற்றையும் தமிழ் ஆசிரியர்களிடம் மாணவனாகப் பயின்றார். சுப்பிரதீபக் கவிராயர் அவருடைய ஆசிரியர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கொடுப்பது எளிது, பெறுவதுதான் கடினம் என்பது குருக்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். பங்குக்குப் போன முதல் நாளே நாம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த மக்களிடமிருந்து என்ன பெற்றோம் என்று எண்ணிப் பார்ப்பது, பெரும்பாலும் மாற்றல் கடிதம் வந்த பிறகுதான்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அதில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அந்தத் தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வள்ளுவர் அங்கே நன்றி சொல்லுதல் என்று வைக்கவில்லை, அறிதல் என்று வைத்தார். நன்றி என்ற சொல்லுக்கே பழைய பொருள் நன்மை என்பதுதான். ஒருவர் நமக்குச் செய்த நன்மையை நன்மை என்று கண்டுகொள்வதே முதல் வேலை. வாய் திறப்பது அதற்குப் பிறகு வருவது. பெஸ்கி அடிகள் அந்தக் குறள்களை ஒவ்வொன்றாக இலத்தீனுக்குக் கொண்டுபோனபோது, தாம் பெற்ற தமிழின் நன்மையைத் தம் நாட்டாரும் அறிய வழி செய்தார். பின்னாளில் ஜி. யு. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அந்த இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவருக்குக் கைகொடுத்தது.

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்கு நம்மில் பலர் போயிருப்போம். கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் இருக்கிற ஊர். அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் இவர். அரியலூர் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்தது. வைத்தியம் எதுவும் பலிக்காத நிலையில் முனிவர் அன்னையை வேண்டி அவரைக் குணமாக்கினார், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு 175 ஏக்கர் நிலம் வழங்கினார் என்கிறது திருத்தல வரலாறு. இது நடந்தது 1735இல் என்பார்கள். இதில் புதுமையைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். நன்றியைப் பற்றிப் பேசுவது குறைவு. மழவராயர் கிறிஸ்தவர் அல்லர். பத்துத் தொழுநோயாளர் குணமடைய, ஒருவர் மட்டும் திரும்பி வந்ததாக லூக்கா எழுதுகிறாரே, அவரும் சமாரியர்தான், வேற்றினத்தார். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் நன்மையை உரிமை என்று எடுத்துக்கொள்ள, வெளியே இருக்கிறவர் அதை நன்மை என்று அறிகிறார். நம் கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் தண்ணீரும் கொடுக்கிற பிற சமயத்து அண்டை வீட்டாரைப் பார்த்தாலும் இதுவே நினைவுக்கு வருகிறது.

இனித் தேம்பாவணி. 3,615 பாடல்கள், மூன்று காண்டங்கள், 36 படலங்கள். ஒரு வெளிநாட்டுக் குரு இவ்வளவு பெரிய காப்பியத்தை யாருக்காகப் பாடினார்? புனித யோசேப்புக்காக. நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவு காண்கிறார், எழுகிறார், நடக்கிறார். குழந்தையையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துப் போகிறார், திரும்ப அழைத்து வருகிறார். அவருக்கு யாராவது நன்றி சொன்னதாகவும் எந்த வரியும் இல்லை. அந்த மௌனமான தச்சருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப்பெயர் கொடுத்து, வாடாத மாலையாக ஒரு காப்பியத்தைக் கட்டி அணிவித்தார் முனிவர். தமிழரிடம் பெற்ற தமிழைக் கொண்டே அதைச் செய்தார் என்பதுதான் நம்மைத் தொடுகிறது.

இதே முனிவர் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலையும் எழுதினார். குரு வர முடியாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, விசுவாசத்தைக் காத்தவர்கள் வேதியர்கள். அவர்களுக்கென்றே ஒரு நூல். காப்பியத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தச் சிறு நூலைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு நாம் இருந்த ஒரு பங்கில் வயதான வேதியர் ஒருவர் இருந்தார். விடியலில் கோயில் மணி அடிப்பவர், நள்ளிரவில் அவஸ்தைப்பூசுதலுக்கு நம்மைச் சைக்கிளில் அழைத்துப் போனவர். அந்தக் கோயிலின் யூபிலி விழாவில் நன்கொடையாளர் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினோம், நமக்கும் போர்த்தினார்கள். அவர் பின்னால் நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். கூட்டம் கலைந்து, மேடை விளக்கை அணைத்த பிறகுதான் அவரை மேடைக்கு அழைக்கவில்லை என்பது உறைத்தது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய அடக்கத் திருப்பலியில் அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். எல்லாரும் கேட்டார்கள், அவரைத் தவிர. நன்றி என்றே பொருள்படும் கிரேக்கச் சொல்லால் திருப்பலியை அழைக்கிற திருச்சபையின் குரு, நாள்தோறும் பீடத்தில் நன்றி கூறிக்கொண்டே, பீடத்திற்குப் பத்தடி தூரத்தில் நின்றவரை மறந்துபோனார்.

முனிவர் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்தின் அம்பலக்காட்டில் இறந்தார் என்பதே இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் செய்தி. தமிழ் மண் அவரை மறந்துவிடவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை 1822இல் அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதினார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

இவற்றைவிட நெருக்கமான ஒன்று நம் விரல்களிலேயே இருக்கிறது. அவர் காலத்துக்கு முன் குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் புள்ளி வைத்தே பிரித்தார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளி இல்லாமலே எழுதினார்கள், படிக்கிறவர் தடுமாறினார். கொம்பின் மேலே இன்னொரு சுழி சுழித்து, நெடிலுக்குத் தனி அடையாளம் தந்தவர் வீரமாமுனிவர். இயேசு என்று நாம் எழுதும்போதெல்லாம் அந்தச் சுழி வருகிறது. சென்ற ஞாயிறு திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு குழந்தைக்கு யோசேப்பு என்று எழுதினோம். அந்தப் பெயரில் அது இரண்டு இடத்தில் வருகிறது.