ஊசி முனையில் ஒரு கடற்போர்

உலகக் கடற்படைகளின் வலிமையை அறிய விரும்புவோர் இன்றும் நாடும் ஆண்டு நூல் ‘ஜேன்ஸ்’. நாடுகளின் பாதுகாப்பு அமைச்சகங்களும் புரட்டிப் பார்க்கும் அந்நூல் ஒரு மேசை விளையாட்டோடு சேர்ந்து வளர்ந்தது என்பதைப் பலர் அறியார். இரண்டையும் உருவாக்கிய ஃபிரெட் டி. ஜேன் கடற்படை அதிகாரி அல்லர், பத்திரிகை ஓவியர்.

1865-இல் இங்கிலாந்தில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்த அவர், அறிவியல் புனைகதைகளுக்குப் படம் வரைந்தும் தாமே நாவல்கள் எழுதியும் பிழைத்தவர். சிறு வயது முதலே அவருக்குப் போர்க்கப்பல்கள் மீது தீராத ஈடுபாடு. கடற்படைப் பயிற்சிகளை வரையச் சென்றபோது அந்த ஈடுபாடு ஆய்வாக மாறியது.

தரைப்போரை மேசைமேல் நடத்திப் பார்க்கும் விதிகளைப் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இலேயே வெளியிட்டிருந்தார். அவற்றை அப்படியே கடலுக்குக் கொண்டுசெல்ல இயலாது. கடலில் மலையும் ஆறும் காடும் இல்லை. அங்கு முடிவைத் தீர்மானிப்பவை கப்பலின் வேகம், பீரங்கியின் வலிமை, கவசத் தகட்டின் கனம் ஆகியவையே.

1898-இல் ஜேன் வெளியிட்ட விளையாட்டு இதற்குப் புதிய வழி கண்டது. எதிரிக் கப்பலின் படம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஊசி பொருத்திய சிறு மட்டையால் வீரர் அதன்மீது தட்ட வேண்டும். ஊசி மட்டையின் நடுவில் இராது. ஆகவே குறி தவறக்கூடும். தொலைவு கூடினால் படம் சிறியதாகும். துளை விழுந்த கட்டத்தில் பீரங்கி இருந்தால் அது ஓயும். கொதிகலன் இருந்தால் வேகம் குறையும்.

இதற்கு ஒவ்வொரு கப்பலையும் பற்றிய துல்லியமான விவரம் தேவைப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய போர்க்கப்பல் நூல் அத்தேவையையும் நிறைவேற்றியது. எந்தப் பீரங்கி எந்தத் தகட்டைத் துளைக்கும் என்பதை எழுத்துக் குறியீடுகளால் அவர் வகைப்படுத்தினார். ரஷியக் கடற்படையும் அவரது விளையாட்டில் ஆர்வம் காட்டியது. பெரும் பீரங்கிகளை மட்டுமே தாங்கிய போர்க்கப்பல் வேண்டும் என்று இத்தாலியப் பொறியாளர் குனிபெர்டி எழுதிய கட்டுரை 1903-இல் ஜேனின் ஆண்டு நூலில் வெளியானது. அத்தகைய கப்பலான ‘டிரெட்நாட்’டை 1906-இல் பிரிட்டன் கடலில் இறக்கியது. அதே ஆண்டு போர்ட்ஸ்மத் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற ஜேன் தோற்றார்.

கப்பலை அதன் நிழலுருவைக் கொண்டே அடையாளம் காண அவர் நூல் வழிகாட்டியது. 1914 செப்டம்பரில் சென்னையைத் தாக்கிய ‘எம்டன்’, அடுத்த மாதமே பொய்யான நான்காவது புகைபோக்கியைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷியப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. எல்லாரும் நம்பும் அடையாளமே எதிரிக்கு வேடமாகவும் உதவும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

1916 மார்ச்சில் ஜேன் மறைந்தார். மூன்று மாதங்கள் முடியுமுன் ஜட்லாண்ட் கடற்போர் மூண்டது. பிரிட்டனின் மூன்று பெருங்கப்பல்கள் வெடித்துச் சிதற, அவற்றில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரைந்து சுடும் ஆவலில் வெடிமருந்தைப் பாதுகாப்பின்றிக் குவித்ததும், தீ பரவாமல் தடுக்கும் கதவுகளைத் திறந்தே வைத்ததும் முக்கியக் காரணங்கள் என ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். தகட்டின் கனத்தைப் பட்டியலிட முடிந்தது. மாலுமிகளின் அந்தப் பழக்கம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதனால் ஜேனின் பணி சிறுமைப்படாது. படைபலம் பற்றிய பேச்சு வெறும் பெருமிதமாக இருந்த காலத்தில், அதனைச் சாமானியரும் சரிபார்க்கக்கூடிய எண்களாக மாற்றியவர் அவர். இன்று கணினிகள் போர்களை ஒத்திகை பார்க்கின்றன. அவற்றின் முடிவுகளை ஏற்குமுன், எவை கணக்கில் சேர்க்கப்பட்டன, எவை விடுபட்டன என்று கேட்பது அவசியம். விதிகள் வெளிப்படையாக இருந்தால்தான் அந்தக் கேள்வியையே எழுப்ப முடியும்.