ப்ளூ டிக் இல்லாத காலத்துக் காதல் சண்டை... கே.பி.சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள்!

ப்ளூ டிக் விழுந்து ரெண்டு நாளாகியும் ரிப்ளை வரலைன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அவஸ்தையைத் தபால்காரர் காலத்தில் அனுபவித்தவர் யார் தெரியுமா? நெற்றி நிறைய திருநீறும் கையில் கோலுமாக ஔவையார் வேஷத்தில் உங்க வீட்டு டி.வி-யில் வந்துபோவாரே... அதே கே.பி.சுந்தராம்பாள்தான். 'ஔவைப் பாட்டிக்கு லவ்வா?'ன்னு சிரிச்சுடாதீங்க. கிட்டப்பாவுக்கு அந்தக் கடிதங்களை எழுதியபோது அவருக்கு ஏறக்குறைய உங்க வயசுதான்.

கொல்லிமலையில் குண்டூர் நாடு பக்கம் பைக் ட்ரிப் போகிறவர்கள், எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் தாண்டி காவிரியைக் கடந்தால் கொடுமுடிக்குப் போய்விடலாம். 1908-ல் சுந்தராம்பாள் பிறந்த ஊர் அது. கடுமையான வறுமை. பள்ளிக்கூடத்தைவிட நாடகக் கொட்டகைதான் அவருக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. குழந்தையாக மேடையேறியவர், இருபது வயதுக்கு முன்பே இலங்கை வரைக்கும் பெயர் வாங்கிவிட்டார். மைக் கிடையாது, கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேரணும், விடிய விடிய நாடகம். அதில் ஜெயிப்பது சும்மா இல்லை.

கிட்டப்பா செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்தவர். எஸ்.ஜி.கிட்டப்பா என்றால் அன்றைக்கு சூப்பர் ஸ்டார். உச்சஸ்தாயியில் அவர் நின்று பாடுவதைக் கேட்கவே கூட்டம் அலைமோதும். 1926-ல் கொழும்பில் இருவரும் ஜோடியாக மேடையேறினார்கள். அவரா இவரா என்று போட்டியை எதிர்பார்த்து வந்த ஊர், ஒரு காதலைப் பார்த்தது. அடுத்த வருஷமே கல்யாணம்.

சிக்கல் என்னன்னா, கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. சாதியும் வேறு. இரண்டாவது திருமணத்தைத் தடுக்கும் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது 1949-ல்தான் என்பதால், சட்டப்படி கேள்வி கேட்க யாருமில்லை. ஆனால், குடும்பம் கேட்குமே! இன்னொரு பக்கம், செங்கோட்டையில் இருந்த முதல் மனைவியின் வலியை யாரும் கடிதமாக நமக்கு விட்டுவைக்கவில்லை. இந்தக் கதையைப் படிக்கும்போது அவரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

கடிதங்கள் வருவது இங்கேதான். அன்றைக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை இருந்தது. நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து, ஒரே ஊரில் கூட்டி, அன்று ராத்திரியே நாடகம் போட்டுவிடுவார்கள். மறுநாள் ஆளுக்கொரு ரயில். இதோடு மனஸ்தாபமும் சேர்ந்துகொள்ள, கணவன் ஓர் ஊரில், மனைவி வேறோர் ஊரில். நடுவில் தபால் மட்டும்தான்.

அந்தக் கடிதங்கள் பின்னாளில் அச்சாகிவிட்டன. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிறோமே என்ற கூச்சம் எனக்கு முதல் பக்கத்தில் இருந்தது. பிறகு போய்விட்டது, உண்மையைச் சொல்லணும்ல! அந்தக் கால வழக்கப்படி வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அடக்கமாகத்தான் தொடங்குகிறார். அப்புறம் கதையே வேற. ஏன் வரவில்லை, ஏன் சரியாக எழுதுவதில்லை, ஊர் பேசுவதை நம்பலாமா என்று கணக்குத் தீர்க்கிறார். அவர் கர்ப்பமாக இருந்த காலமும் இதற்குள் வருகிறது. பிறந்த குழந்தை சில நாள்களிலேயே இறந்துபோனது. காலில் விழுகிற மாதிரி தொடங்கும் கடிதத்துக்குள், தன் உழைப்பில் தானே சம்பாதித்துத் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு பெண் இருக்கிறார். கோபித்துக்கொள்கிறார், ஆனால் விட்டுப்போவதாக இல்லை.

விக்டோரியா காலத்து லண்டன் மேடையின் ராணி எலன் டெர்ரியும் பெர்னார்ட் ஷாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1931-ல் அவை புத்தகமாக வந்தபோது கிட்டப்பா உயிரோடு இருந்தார். ஆனால் அந்த இருவரும் நேரில் பார்ப்பதை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, காகிதத்திலேயே காதலித்தவர்கள். சுந்தராம்பாளுக்கு அந்த விளையாட்டெல்லாம் கட்டுப்படியாகாது. அவருக்கு ஆள் நேரில் வரணும்!

கிட்டப்பாவைக் குடி கெடுத்தது. 1933 டிசம்பர் 2-ம் தேதி, 27 வயதில் இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு 25. நகைகளைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கதருக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, கடைசிவரை காப்பாற்றினார். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! 1951-ல் மேல்சபை உறுப்பினர், 1953-ல் 'ஔவையார்', 1964-ல் 'பூம்புகார்' படத்தின் கவுந்தியடிகள், 1970-ல் பத்மஸ்ரீ.

இந்த வெள்ளைப்புடவை வாழ்க்கையைத்தான் நம் ஊர் கொண்டாடுகிறது. தியாகி, தெய்வப்பிறவி என்று தூக்கிவைத்து, அந்த இருபது வயதுக் கோபக்காரியை மறந்துவிட்டோம். எனக்கென்னவோ அவரைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

1980-ல் சுந்தராம்பாள் மறைந்தார். கிட்டப்பா போய் 47 வருஷம் ஆகியிருந்தது. யூடியூபில் கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பாட்டுகள் கிடைக்கின்றன, தேடிக் கேளுங்க. ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான் ஓடும், கரகரன்னு இருக்கும், பரவாயில்லை. அதைக் கேட்டுட்டு கடிதங்களைப் படிங்க. அத்தனை கோபத்துக்கு நடுவிலும் ஏன் அந்த ஆளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று புரியும்.