மக்டபேர்க் நகர முதல்வரும் 16 குதிரைகளும்

மாணவர்களே, ஒரு பொருள் எதிர்த்திசைகளில் சமமாக இழுக்கப்படும்போது விளையுள் விசை யாது எனக் கேட்டால், பூச்சியம் என உடனே எழுதிவிடுவீர்கள். அதே வினாவில் கயிற்றின் இழுவை யாது எனக் கேட்டால் உங்களுள் பலர் இரு விசைகளையும் கூட்டிவிடுகிறீர்கள். இத்தவறைத் திருத்த, இவ்விழுவையைக் குதிரைகளைக் கொண்டே செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

ஒட்டோ வொன் கெரிக் 1602 ஆம் ஆண்டு ஜேர்மனியின் மக்டபேர்க் நகரில் பிறந்தார். சட்டம் பயின்றபின் ஒல்லாந்தின் லெய்டனில் கணிதமும் அரண் அமைக்கும் கலையும் கற்றார். 1626 இல் நகர சபை உறுப்பினரானார். 1631 மே மாதத்தில் பேரரசின் படை மக்டபேர்க்கைக் கைப்பற்ற, நகரம் தீக்கிரையானது. ஏறத்தாழ 20 000 பேர் மாண்டனர். உடைமைகளை இழந்து கைதியான கெரிக், பணம் கொடுத்தே மீட்கப்பட்டார். பின்னர் திரும்பி வந்து, அழிந்த நகரை மீளக் கட்டுவதற்கான படத்தை வரைந்தார். 1646 இல் நகர முதல்வரானார். நகரின் உரிமைகளுக்காக அரசவைதோறும் தூது சென்றதே அவரது பெரும்பணி. பரிசோதனைகளுக்குக் கிடைத்தது மிச்ச நேரமே!

வெற்றிடம் என ஒன்று இருக்கவே முடியாது என அக்காலத்தில் பலர் கற்பித்தனர். கெரிக் அதனை வாதத்தால் தீர்க்க விரும்பவில்லை. நீர் நிரப்பிய மரப்பீப்பாயை அடைத்து, நீரைப் பம்பியால் வெளியே இழுத்தார். மரத்தின் துளைகளூடாக வளி இரைந்தபடி உள்ளே புகுந்தது. அடுத்துச் செப்புக் கோளம் ஒன்றிலிருந்து வளியையே அகற்றினார். திடீரெனப் பெருஞ்சத்தத்துடன் கோளம் நசுங்கிப்போனது. காரணத்தை நீங்களே கூறலாம். முன்னர் கோளத்தின் சுவரை உள்ளிருந்த வளியும் வெளியிலிருந்த வளியும் எதிரெதிராகச் சமமாகத் தள்ளின. உள்வளி நீங்கியதும் வெளிவிசையைச் சமப்படுத்த எதுவும் இல்லை. தோல்வி எனத் தோன்றிய இதுவே, என் கருத்தில், அவரது மிகச் சிறந்த பரிசோதனை.

திருத்தமான உருண்டை வடிவில் வேறொரு கோளம் செய்வித்தார், அது தாங்கியது. 1654 இல் ரேகன்ஸ்பேர்க் நகரில் பேரரசரின் முன்னிலையில் தம் பம்பியின் ஆற்றலைக் காட்டினார். 1657 இல் மக்டபேர்க்கில் புகழ்பெற்ற காட்சி நடந்தது. இரு செப்பு அரைக்கோளங்களுக்கிடையே மெழுகும் எண்ணெயும் ஊறிய தோல் வளையத்தை வைத்துப் பொருத்தி, உள்வளியை அகற்றினார். பக்கத்துக்கு 8 ஆக 16 குதிரைகள் இழுத்தன. அரைக்கோளங்கள் இலகுவில் பிரியவில்லை. வால்வைத் திறந்து வளியை உட்புகவிட்டால் கையாலேயே பிரிக்கலாம்.

இனிக் கணிப்போம். கோளத்தின் விட்டம் 40 சதம மீற்றர் எனவும் உள்ளே முழு வெற்றிடம் எனவும் கொள்க. வட்டக் குறுக்குவெட்டின் பரப்பளவு ஏறத்தாழ 0.126 சதுர மீற்றர். வளிமண்டல அமுக்கம் சதுர மீற்றருக்கு 100 000 நியூற்றன் எனின், ஒவ்வோர் அரைக்கோளத்தையும் மற்றையதை நோக்கி வளி தள்ளும் விசை 12 600 நியூற்றன்.

ஒரு பக்கக் குதிரைகள் 10 000 நியூற்றனால் இழுக்கின்றன எனின், மறுபக்கமும் அவ்வாறே இழுப்பதால் முழுக் கோளத்தின் மீதான விளையுள் விசை பூச்சியம். இப்போது இடது அரைக்கோளத்தை மட்டும் நோக்குங்கள். வளி உள்நோக்கி 12 600, குதிரைகள் வெளிநோக்கி 10 000. எஞ்சிய 2 600 நியூற்றனை வலது அரைக்கோளத்தின் விளிம்பு வெளிநோக்கித் தள்ளிச் சமப்படுத்துகிறது. இழுவை 12 600 ஐத் தாண்டினாலே விளிம்புகள் பிரியும். 20 000 எனக் கூட்டி, கோளம் பிரிந்துவிடும் என எழுதினால் புள்ளி போய்விடும். உண்மையில் ஒரு பக்கக் கயிற்றை உறுதியான சுவரில் கட்டியிருந்தாலும் விளைவு ஒன்றே. சுவரும் 10 000 நியூற்றனால் எதிர்த்து இழுக்கும். எட்டுக் குதிரைகள் மிச்சம்! ஆனால் சுவரைப் பார்க்க எவர் கூடுவர்?

கெரிக் தம் பரிசோதனைகளை 1672 இல் நூலாக வெளியிட்டார். முதுமையில், 1681 இல், கொள்ளைநோய்க்கு அஞ்சி மக்டபேர்க்கை விட்டு ஹம்பேர்க்கில் மகனுடன் வாழச் சென்றார். அங்கேயே 1686 இல் காலமானார்.