பெர்த்தா பென்ஸ்: காரை ஓட்டிச் சென்றவர், வழியிலேயே பழுதும் பார்த்தவர்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அதிகாலை, ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஒரு தாயும் அவரது இரு மகன்களும் குதிரை பூட்டப்படாத மூன்று சக்கர வண்டி ஒன்றில் புறப்பட்டார்கள். தாயின் பெயர் பெர்த்தா பென்ஸ், வயது 39. மகன் ஒய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13 வயது. வண்டியை உருவாக்கிய கணவர் கார்ல் பென்ஸ் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார்.

சுமார் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பெர்த்தாவின் தாய் வசித்துவந்தார். அவரைப் பார்க்கச் செல்வதுதான் பயணத்தின் வெளிப்படையான நோக்கம்.

மோட்டார் வாகன வரலாற்றின் முதல் நெடுந்தூரப் பயணம் என்று அது இன்று போற்றப்படுகிறது. ஆனால் அதற்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. ஒரு காரை, அதை வடிவமைத்த பொறியாளர் உடன் இல்லாமல், அதைப் பயன்படுத்துபவரே சாலையோரத்தில் தம் கையால் பராமரித்து ஓட்ட முடியும் என்று காட்டிய பயணமும் அதுவே.

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சின் ஆயிலை அதன் உரிமையாளர் தாமே மாற்றலாமா, அல்லது நிறுவனத்தின் பட்டறைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டுமா என்ற விவாதம் இன்றும் நடைபெறுகிறது. அதன் தொடக்கத்தைத் தேடிச் செல்பவர்கள் பெர்த்தா பென்ஸின் வாழ்க்கையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சீதனத்தில் பிழைத்த பட்டறை

பெர்த்தா ரிங்கர் 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, அன்றைய பாடன் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலில் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரராக வளர்ந்து வசதி பெற்றவர்.

பெர்த்தா பிறந்தபோது குடும்பத்தின் விவிலியப் பிரதியில், இம்முறையும் பெண்தானே என்ற ஏமாற்றம் தொனிக்கும் குறிப்பு ஒன்று எழுதப்பட்டதாகவும், பின்னாளில் அதைச் சிறுமி பெர்த்தா படித்துவிட்டதாகவும் அவரது வாழ்க்கை வரலாற்றாளர்கள் கூறுகிறார்கள். இயந்திரங்களில் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் அக்காலத்தில் பெண்கள் பொறியியல் பயில வழி இருக்கவில்லை. ஜெர்மனியில் முதன்முதலாகப் பல்கலைக்கழகங்களில் பெண்களை முழுமையான மாணவர்களாகச் சேர்த்துக்கொண்ட பாடன் அரசு, அந்த முடிவை எடுத்தது 1900ஆம் ஆண்டில்தான். அப்போது பெர்த்தாவுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

1869ஆம் ஆண்டில் அவர் இளம் பொறியாளர் கார்ல் பென்ஸைச் சந்தித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து கார்ல், ஆகஸ்ட் ரிட்டர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து மன்ஹைமில் ஒரு பட்டறை தொடங்கினார். கூட்டாளியுடனான உறவு விரைவிலேயே கசந்தது. பட்டறையைக் காப்பாற்ற வேண்டுமானால் ரிட்டரின் பங்கை விலைகொடுத்து வாங்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

கார்லிடம் பணம் இருக்கவில்லை. பெர்த்தா தமக்குச் சேரவேண்டிய சீதனத்தைத் திருமணத்துக்கு முன்பாகவே தந்தையிடமிருந்து பெற்று அந்தப் பங்கை வாங்க உதவினார். 1872ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி திருமணம் நடைபெற்றது. அன்றைய சட்டப்படி மணமான பெண் தம் பெயரில் தொழில் முதலீட்டாளராகச் செயல்பட இயலாது. பட்டறையைக் காப்பாற்றிய பணம் பெர்த்தாவுடையதாக இருந்தும், அதன்மீதான உரிமை கணவருக்கே சென்றது.

சீதனத்தின் பெயரால் பெண்ணின் செல்வம் கைமாறும் கதை தமிழ்ச் சமூகத்துக்குப் புதிதல்ல. பெர்த்தா அந்தப் பணத்தோடு தாமும் பட்டறைக்குள் நுழைந்தார் என்பதே இங்கு வேறுபாடு.

அடுத்து வந்த ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகளாக இருந்தன. கடன் தொல்லையால் கருவிகளையே இழக்கும் நிலைக்குக் குடும்பம் தள்ளப்பட்டது. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், கார்ல் உருவாக்கிய இரண்டு வீச்சு எஞ்சின் முதன்முறையாக நிற்காமல் ஓடியபோது, பட்டறையில் அவருடன் நின்றிருந்தவர் பெர்த்தா.

1883ஆம் ஆண்டில் புதிய கூட்டாளிகளுடன் பென்ஸ் நிறுவனம் உருவானது. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதியிட்ட 37435 என்ற எண்ணுள்ள காப்புரிமை, எரிவாயு எஞ்சினால் இயங்கும் வாகனத்துக்காக அந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதில் பெர்த்தாவின் பெயர் இடம்பெறவில்லை.

எண்ணெய் சொட்டிய எஞ்சின்

காப்புரிமை பெற்ற அந்த முதல் வண்டியின் எஞ்சின் ஒரே ஒரு சிலிண்டர் கொண்டது. அதன் கொள்ளளவு 954 கன சென்டிமீட்டர், ஆற்றல் முக்கால் குதிரைத்திறன். மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி செல்லும். பெர்த்தா ஓட்டிச் சென்றது அதற்குப் பின்னர் மேம்படுத்தப்பட்ட மூன்றாவது வடிவம். ஆயினும் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை.

இன்றைய கார்களில் எஞ்சினின் அடியில் உள்ள மூடிய தொட்டியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. ஒரு பம்பு அதை மேலே அனுப்ப, வடிகட்டி வழியாக அது சுற்றிவருகிறது. குறிப்பிட்ட தூரம் ஓடிய பின்னர் பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றுகிறார்கள்.

பென்ஸ் வண்டியில் அத்தகைய சுழற்சி கிடையாது. சிறு எண்ணெய்க் கிண்ணங்களிலிருந்து மசகு எண்ணெய் சொட்டுச் சொட்டாக அசையும் பாகங்களில் விழும். விழுந்த எண்ணெய் வெளியேறி வீணாகும். எனவே எண்ணெய் மாற்றுவது என்ற வேலையே அப்போது இல்லை. கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கவனம் தவறினால் உலோகம் உலோகத்தோடு உரசி எஞ்சின் இறுகிவிடும் ஆபத்து இருந்தது.

குளிரூட்டும் தண்ணீரும் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தது. எரிபொருளோ சுமார் நாலரை லிட்டர் மட்டுமே கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால், ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒருவராகவே இருந்தாக வேண்டிய இயந்திரம் அது.

வாங்குவோர் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். கார்ல் பென்ஸ் சிறந்த பொறியாளர். ஆனால் மேலும் மேலும் திருத்திக்கொண்டிருந்தாரே தவிர, துணிந்து சந்தைப்படுத்தத் தெரியாதவர். பொறியாளர் பக்கத்தில் இல்லாதபோதும் இது பயன்படும் என்று யாராவது நிரூபிக்க வேண்டியிருந்தது.

மருந்துக் கடையில் எரிபொருள்

ஹைடல்பெர்க் வழியாகத் தெற்கு நோக்கிச் சென்ற வண்டியில், வீஸ்லோக் என்ற சிற்றூரை நெருங்கியபோது எரிபொருள் தீரும் நிலை ஏற்பட்டது. பெட்ரோல் நிலையம் என்ற ஒன்று உலகில் எங்குமே இல்லாத காலம் அது. கறை நீக்குவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்ட லிக்ரோயின் என்ற பெட்ரோலிய வடிதிரவமே எரிபொருள். பெர்த்தா வீஸ்லோக்கின் மருந்துக் கடையில் இருந்த லிக்ரோயினை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்தக் கடை இன்று தன்னை அழைத்துக்கொள்கிறது.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தமது தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அடைப்பை நீக்கினார். தீப்பொறி தரும் மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையை இறுக்கிப் பிடிக்கும் பட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். ஓட ஓட நீண்டு தளர்ந்த சங்கிலியைப் புருக்சால் நகரில் ஒரு கொல்லர் சரிசெய்து கொடுத்தார்.

மேடுகளில் வண்டி திணறியபோது இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்தன. பவுஷ்லொட் என்ற கிராமத்தில் செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மீது தோலை அடிக்கச் செய்தார் பெர்த்தா. பிரேக்குகளுக்கு உறை பொருத்தும் வழக்கத்தின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

அன்று மாலை மங்கும் வேளையில் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைம் சென்றடைந்து கார்லுக்குத் தந்தி அனுப்பினார்கள். சில நாட்கள் கழித்து வேறு பாதை வழியாக அதே வண்டியில் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியவுடன், மலைப்பாதை ஏறுவதற்குக் கூடுதலாக ஒரு கியர் தேவை என்று பெர்த்தா கணவரிடம் தெரிவித்தார். அவ்வாறே அது சேர்க்கப்பட்டது. இன்று கார் நிறுவனங்கள் பெருஞ்செலவில் நடத்தும் சாலைச் சோதனைகளின் சாரம் இதில் அடங்கியிருந்தது. இயந்திரத்தின் குறையை, அதைத் தொட்டுப் பராமரித்தவரே கண்டறிந்து சொன்னார். அதே ஆண்டு மியூனிக்கில் நடைபெற்ற இயந்திரக் கண்காட்சியில் பென்ஸ் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது.

1899ஆம் ஆண்டில் பென்ஸ் நிறுவனம் 572 வாகனங்களைத் தயாரித்து, உலகின் மிகப்பெரிய கார் உற்பத்தியாளராக விளங்கியது. பின்னர் கார்ல் நிறுவனத்தின் அன்றாடப் பணிகளிலிருந்து விலகினார். குடும்பம் லாடன்பெர்க் என்ற சிறு நகரில் குடியேறியது. 1926ஆம் ஆண்டில் பென்ஸ் நிறுவனம் டைம்லர் நிறுவனத்துடன் இணைந்தது. 1929ஆம் ஆண்டு ஏப்ரலில் கார்ல் காலமானார்.

கைக்கு எட்டாத எஞ்சின்

பெர்த்தாவின் வழியில் சென்றவர்கள் ஜெர்மனிக்கு வெளியிலும் உண்டு. கோவையின் ஜி. டி. நாயுடு (1893–1974), இளமையில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டித்தான் இயந்திரவியல் கற்றார். பொறியியல் கல்லூரியின் வாசலை மிதிக்காதவர்கள் என்பது இருவருக்கும் பொதுவானது.

இன்றைய உயர்ரக ஸ்போர்ட்ஸ் கார்கள் அத்தகைய கைகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. பலவற்றில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்புறம் அமைந்துள்ளது. எண்ணெயை வடிப்பதற்கே அடிப்பகுதியின் மூடுதகடுகளைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி இருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வடிக்க வேண்டும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி பல புதிய கார்களில் இல்லை. அளவைத் திரைதான் காட்டுகிறது.

தயாரிப்பாளர்கள் இதற்கு நியாயம் சொல்கிறார்கள். மிக அதிக வேகத்தில் சுழலும் எஞ்சினில் தவறான தர எண்ணெய் ஊற்றப்பட்டால் இழப்பு பெரிது, பாதுகாப்பும் முக்கியம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தம் காரின் அடிப்படைப் பராமரிப்பைக்கூட அறியாத உரிமையாளர், பட்டறை சொல்லும் காரணத்தையும் கேட்கும் கட்டணத்தையும் எடைபோட முடியாதவராகிறார் என்பதும் உண்மையே.

ஜெர்மனியின் சட்டம் இந்த வேலையை வீட்டில் செய்வதை அடியோடு தடுக்கவில்லை. ஆனால் எண்ணெய் மண்ணிலோ நிலத்தடி நீரிலோ கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் விற்கும் கடை, விற்ற அளவுக்குப் பழைய எண்ணெயைக் கட்டணமின்றித் திரும்பப் பெற வேண்டும். பழுதுபார்ப்புக்கான தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் கார் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு விதி கூறுகிறது. பூட்டப்பட்ட கதவைச் சட்டம் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே செல்லும் துணிவும் அறிவும் உரிமையாளரிடம் இருந்து வர வேண்டும்.

தாமதமாக வந்த மரியாதை

1944ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பெர்த்தா பென்ஸ் 95ஆவது பிறந்தநாளை அடைந்தார். கணவர் பயின்ற கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ செனட்டர் என்ற சிறப்பை அளித்தது. இளமையில் அவர் போன்ற பெண்களுக்கு இடமளிக்காத கல்வி உலகம் முதுமையில் அளித்த மரியாதை அது. இரண்டு நாட்கள் கழித்து லாடன்பெர்க்கில் அவர் காலமானார்.

காப்புரிமை ஆவணத்தை யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் பெயர் இல்லாத பெர்த்தாவுக்கு, அவர் சென்றுவந்த பாதையே நினைவுச் சின்னமாகியுள்ளது. மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் சென்று திரும்பும் 194 கிலோமீட்டர் நீளமான அந்த வழி, 2008ஆம் ஆண்டில் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதையாக அதிகாரபூர்வ அங்கீகாரம் பெற்றது.

கோடிக்கணக்கான கார்களின் முகப்பில் குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் அந்த வீட்டில், சாலையோரம் நின்று கையைக் கறையாக்கிக்கொண்டவரின் முழுப் பெயர், அந்தச் சாலையின் வழிகாட்டிப் பலகைகளில் இருக்கிறது.