உயிர் காத்த பதிவுத்தாள்

மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளி அறுவை சிகிச்சை மேசையில் ஆழ்ந்து உறங்குகிறார். மூச்சு முட்டினாலும் உடல் சோர்ந்தாலும் அவரால் வாய்திறந்து சொல்ல இயலாது. அவருடைய நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவைதாம் அவருக்காகப் பேசுகின்றன. அவற்றைக் கவனித்து எழுதி வைக்கும் வழக்கத்தை மருத்துவ உலகில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஹார்வி குஷிங்.

குஷிங், 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். வீட்டில் இருந்த பத்துப் பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. அவருடைய தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற குஷிங், 1891ஆம் ஆண்டு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஹார்வர்ட் மாணவர்கள் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி பெற்றனர். ஈதர் என்னும் மயக்க மருந்தின் பயன் 1846ஆம் ஆண்டு பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது அங்கேதான். ஆனால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதைக் கொடுப்பதற்கெனத் தனிப் பயிற்சி இல்லை. அனுபவமற்ற மாணவர்களிடமே அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

ஒருநாள் குஷிங்கிற்கு அந்தப் பொறுப்பு வந்தது. அவர் ஈதர் கொடுத்த நோயாளி, அறுவை சிகிச்சையின்போதே உயிரிழந்தார். குஷிங் மனம் உடைந்துபோனார். மருத்துவப் படிப்பையே கைவிட்டுவிடலாமா என்று எண்ணியபடி தெருக்களில் அலைந்தார். மூத்த மருத்துவரோ, இத்தகைய இறப்புகள் அடிக்கடி நேர்பவைதாம் என்று கூறி அவரைத் தேற்றினார். அந்த ஆறுதல் குஷிங்கிற்கு நிம்மதி தரவில்லை. அடிக்கடி நிகழ்கிறது என்பதற்காக ஓர் இறப்பை இயல்பானதாக ஏற்றுக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை.

அவருடைய வகுப்புத் தோழர் காட்மனும் இதே பணியைச் செய்துவந்தார். யார் சிறப்பாக மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொள்வது என்று இருவரும் பந்தயம் கட்டினர். பந்தயப் பொருள் ஒரு விருந்து! 1894ஆம் ஆண்டு அவர்கள் நோயாளியின் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் கவனித்து, ஒரு தாளில் வரைபடமாகக் குறிக்கத் தொடங்கினர். இதனால் இரண்டு நன்மைகள் விளைந்தன. தொடர்ந்து குறிக்க வேண்டியிருந்ததால், அவர்களின் கவனம் நோயாளியை விட்டு விலகவில்லை. ஆபத்து முற்றுவதற்கு முன்பே அதன் அறிகுறிகளும் கண்ணில் பட்டன.

1901ஆம் ஆண்டு குஷிங் இத்தாலியின் பாவியா நகருக்குச் சென்றார். அங்குள்ள மருத்துவமனையில் ஒரு கருவியைக் கண்டார். ரிவா-ரோச்சி என்ற இத்தாலிய மருத்துவர் 1896ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய இரத்த அழுத்தமானி அது. மேற்கையில் சுற்றிய ரப்பர் பட்டையில் காற்றை நிரப்பினால் இரத்தக்குழாய் அழுத்தப்படும். மணிக்கட்டில் நாடி மறையும் வேளையில் பாதரசம் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுவே இரத்த அழுத்தத்தின் அளவு. அறுவை சிகிச்சையில் இரத்தம் அதிகமாக வெளியேறினால் இந்த அளவு குறையும். ஆகவே, இக்கருவி நோயாளிகளைக் காக்க உதவும் என்பதைக் குஷிங் உணர்ந்தார். அதன் மாதிரியைப் பால்டிமோரில் தாம் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு, பதிவுத்தாளில் இரத்த அழுத்தமும் இடம்பெற்றது.

புதுமையை எல்லாரும் உடனே வரவேற்கவில்லை. குஷிங்கின் கருத்தைக் கேட்ட ஹார்வர்ட் மருத்துவர்கள் சிலர், கருவியைவிடப் பழகிய விரலே நாடியை நன்கு அறியும் என்று முடிவு செய்தனர். குஷிங் சோர்ந்துவிடவில்லை. தம் அறுவை சிகிச்சைகளில் இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்துவந்தார். 1905ஆம் ஆண்டு ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், காதுக்குழாய் வழியாக ஓசையைக் கேட்டு அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அளவிடுவது எளிதாகவே, கருவியின் பயன்பாடும் பரவியது.

பிற்காலத்தில் குஷிங் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியாகத் திகழ்ந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூளைக் கட்டிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். நிதானமும் நுணுக்கமான கவனிப்பும் அவருடைய அறுவை சிகிச்சைகளில் இறப்புகளைப் பெரிதும் குறைத்தன. எழுத்திலும் வல்லவரான அவர், மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, 1926ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். 1939ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், தமது எழுபதாம் வயதில் மறைந்தார்.

இன்று பாதரசத்திற்குப் பதிலாக மின்னணுத் திரைகள் வந்துவிட்டன. எனினும், நோயாளி மயக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும், ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம் அளந்து பதிவு செய்யப்படுகிறது. பேச இயலாத நோயாளியின் நிலையை எந்நேரமும் அறிந்திருக்க வேண்டும் என்று இளம் மாணவர் ஒருவர் கொண்ட உறுதி, இன்று உலகெங்கும் உள்ள அறுவை சிகிச்சைக் கூடங்களில் நடைமுறையாக விளங்குகிறது.