பத்து விரலையும் கொடுக்க மறுத்த தம்பி நாயுடு



ஆறாம் ஆண்டு மாணவர்களே, உங்களில் பலர் இந்த ஆண்டு பதிவு இலாகாவுக்குப் போய் வந்திருப்பீர்கள். 12 வயது ஆனதும் மைகாட் எடுக்க வேண்டுமல்லவா? கண்ணாடியின் மேல் இரண்டு கட்டை விரல்களையும் வைக்கச் சொல்லியிருப்பார்கள். வைத்தீர்கள், வந்தீர்கள், அவ்வளவுதான். நாளை நீங்கள் போகும் இடைநிலைப்பள்ளியின் வாசலிலும் விரலை வைத்தால்தான் உள்ளே விடும் கருவி வரலாம். பல நாடுகளில் வந்துவிட்டது. யார் வந்தார், யார் மட்டம் போட்டார் என்று நொடியில் தெரிந்துவிடும். வெளியாள் நுழைய முடியாது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்புதானே என்று பெற்றோர் நினைப்பதும் நியாயமே.

ஆனால், இதே விரல் ரேகைக்காகச் சிறைக்குப் போன தமிழர் ஒருவர் உண்டு. தில்லையாடி வள்ளியம்மையை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் போராட்டத்தின் தூணாக நின்ற தம்பி நாயுடுவைச் சொன்னால், யார் அவர் என்று கேட்பவர்களே அதிகம். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு 1875-இல் மொரிஷியஸ் தீவில் பிறந்தார். நம் முன்னோர்கள் பால்மரம் வெட்ட இங்கே வந்ததைப் போல, அங்கே கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேறியவர்கள் ஏராளம். பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்கா சென்ற நாயுடு, டிரான்ஸ்வால் பகுதியின் ஜொகானஸ்பர்க் நகரில் குடியேறினார். பள்ளிப்படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்துஸ்தானி, மொரிஷியசின் கிரியோல் எல்லாம் பேசுவார். கட்டுமஸ்தான உடம்பு, சந்தைத் தெருவில் தலையில் சுமை தூக்கிப் போகக் கூச்சப்படமாட்டார். சமையலிலும் கெட்டிக்காரர். ஒரே குறை, மூக்குக்கு மேல் கோபம். அந்த முன்கோபம் மட்டும் இல்லையென்றால் டிரான்ஸ்வால் இந்தியர்களுக்கே தலைவராகியிருப்பார் என்பது காந்தியடிகளின் கணிப்பு.

1906 ஆகஸ்டில் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட நகலை வெளியிட்டது. ஆசியர்களில் எட்டு வயதைத் தாண்டியவர்கள் அனைவரும் அரசாங்க ஆபீசுக்குப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். பத்து விரல் ரேகையையும் கொடுக்க வேண்டும். போலீஸ்காரர் எங்கே கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும். பதியாதவருக்கு 100 பவுன் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் சிறை. நாடு கடத்தவும் செய்யலாம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு பெண்களை மட்டும் விலக்கினார்கள். 1907-இல் இது சட்டமாயிற்று. மக்கள் இதற்கு வைத்த பெயர் கறுப்புச் சட்டம்.

இந்த விரல் ரேகை வித்தை எங்கிருந்து போனது தெரியுமா? நம் இந்தியாவிலிருந்துதான். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் பேச்சு மாறிவிடக்கூடாது என்று ஒப்பந்தத் தாளில் அவர் உள்ளங்கையைப் பதிய வைத்தார். பிறகு கல்கத்தாவில் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பால் ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவானது. பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போய்விட்டது! அந்த ஹென்றி 1900-இல் ஜொகானஸ்பர்க்கிலும் போலீஸ் படையைச் சீரமைக்கப் போனவர். அவருடைய நூலைப் படித்துப் பார்த்த காந்தியடிகள், சட்டத்தின் கட்டாயத்தால் விரல் ரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் மட்டுமே என்பதைக் கண்டார். அப்படியானால் எட்டு வயதுப் பிள்ளையும் குற்றவாளியா?

1907 ஜூலை முதல் பெர்மிட் ஆபீஸ்களின் வாசலில் மறியல் நடந்தது. ஜொகானஸ்பர்க்கில் மறியல்காரர்களுக்குத் தலைவர் நம் தம்பி நாயுடு. தொண்டர்களில் பலர் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள், ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்கள்தான் தம்பி தங்கைகளே! பதியப் போகிறவரை அடிக்கக்கூடாது, ஏசக்கூடாது. பணிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படியும் போவேன் என்றால் விட்டுவிட வேண்டும். கோபக்கார நாயுடு இந்தக் கட்டுப்பாட்டைக் கட்டிக் காத்தார் என்றால் சும்மாவா! சில பெரிய மனிதர்கள் அதிகாரிகளை ராத்திரியில் ரகசியமாக வரவழைத்து விரலைக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் சுமார் 13,000 பேரில் பதிந்தவர்கள் 500 பேர்தான்.

1908 ஜனவரியில் நாயுடுவும் காந்தியடிகளும் சிறைப்பட்டார்கள். மாதக் கடைசியில் ஜெனரல் ஸ்மட்ஸ் சமரசம் பேச ஆள் அனுப்பினார். சிறைக்குள்ளிருந்து போன கடிதத்தில் கையொப்பமிட்டவர்கள் மூன்று பேர்: காந்தியடிகள், சீனர்களின் தலைவர் லியுங் குவின், தமிழர்கள் சார்பில் தம்பி நாயுடு. மக்கள் தாங்களாகவே பதிந்துகொள்வது, பதிலுக்கு அரசு சட்டத்தை எடுத்துவிடுவது என்று காந்தியடிகள் நம்பினார்.

படித்தவர்களும் சொத்துள்ளவர்களும் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றவர்கள் ரேகை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்தக் காலத்துத் தோட்டத்தில் சம்பள நாளன்று கிராணியார் நீட்டிய மையில் கட்டை விரலைத் தோய்த்த பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். கையெழுத்துப் போடத் தெரிந்த பாரிஸ்டர் காந்தியோ, ஏழைகளோடு சேர்ந்து பத்து விரலையும் கொடுக்க முன்வந்தார். முதலில் பதிய பிப்ரவரி 10-ஆம் தேதி புறப்பட்டார். நம்மவரை விற்றுவிட்டார் என்ற ஆத்திரத்தில் மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் நடுத்தெருவில் அவரை அடித்துச் சாய்த்தார்கள். தடுக்கப் பாய்ந்த தம்பி நாயுடுவும் ஈசப் மியாவும் அடி உதை வாங்கினார்கள்.

பார்த்தீர்களா, விரல் அதே விரல்தான். மிரட்டிக் கேட்டபோது மறுத்தவர்கள், வாக்கை நம்பித் தாங்களாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் பள்ளிகள் பிள்ளைகளின் ரேகையை எடுப்பது பெருகியபோது 2012-இல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பிள்ளை மாட்டேன் என்றால் பெற்றோர் சம்மதித்திருந்தாலும் எடுக்கக்கூடாது. ரேகை தராத பிள்ளைக்குப் பள்ளி வேறு வழி செய்துதர வேண்டும். சுவீடனில் வருகைப் பதிவுக்காக மாணவர் முகங்களைக் கருவியால் அடையாளம் பார்த்த பள்ளி விவகாரத்தில், பெற்றோர் சம்மதித்திருந்தும் 2019-இல் அபராதமே விதித்தார்கள். பள்ளிக்குப் பிள்ளை கட்டுப்பட்டது, அந்த நிலையில் வாங்கும் சம்மதம் சம்மதமாகாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

கதைக்கு வருவோம். ஸ்மட்ஸ் சட்டத்தை எடுக்கவில்லை. வியாபார லைசென்சுக்கும் கட்டை விரல் ரேகை கேட்டார்கள். நாயுடு லைசென்ஸ் இல்லாமல் கூவி விற்று மறுபடி சிறைக்குப் போனார். நிறைமாதமாக இருந்த மனைவி வீரம்மாளுக்கு அந்தத் துயரத்திலே குழந்தை இறந்தே பிறந்தது. அப்போதும் அந்த வீடு பின்வாங்கவில்லை. 1908 ஆகஸ்ட் 16-இல் ஹமீதியா பள்ளிவாசல் திடலில், தாமாகப் பதிந்து வாங்கிய 2,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய கொப்பரையில் போட்டு மக்கள் கொளுத்தினார்கள். மொத்தத்தில் பத்துத் தடவைக்கு மேல் சிறை கண்டவர் நாயுடு.

1913-இல் வீரம்மாளும் மற்றப் பெண்களும், பலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். துணைக்குப் போனவர் நாயுடு. ஒப்பந்தக் கூலிகளின் தலையில் விழுந்த 3 பவுன் வரி 1914-இல் ஒழிந்தது. அதே 1914 சட்டத்தில் ஒரு வேடிக்கை: கட்டை விரல் ரேகை பதிந்த குடியிருப்புச் சான்றிதழ் இருந்தால், அதற்குரியவர் நாட்டுக்குள் வரும் உரிமையை அதிகாரி மறுக்க முடியாது என்றும் எழுதினார்கள். கழுத்துக்குச் சுருக்காக வந்த ரேகை, கதவுக்குச் சாவியானது.

தம் பிள்ளைகளில் நால்வரைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்த நாயுடு, கடைசிவரை ஜொகானஸ்பர்க் மக்களுக்காக உழைத்து 1933-இல் காலமானார். ஆப்பிரிக்க மக்களுக்கோ ரேகையின் கொடுமை தீரவில்லை. 1952-இல் ரேகையும் படமும் பதித்த பாஸ் புத்தகத்தை அவர்கள் மேல் சுமத்தினார்கள். அவர்களோடு சேர்ந்து போராடிய நாயுடுவின் பேரன் இந்திரஸ், 1963 முதல் பத்தாண்டு ராபன் தீவுச் சிறையில் கிடந்தார். அந்தப் பாஸ் சட்டம் 1986-இல்தான் ஒழிந்தது.