ஒரு குரலும் ஒரு கிற்றாரும்

சிலி நாட்டுப் பாடகர் விக்ரர் ஹாராவை உலகம் பெரும்பாலும் அவரது மரணத்தின் மூலமே அறிந்திருக்கிறது. நாமோ 1966 இல் வெளிவந்த அவரது முதலாவது தனி இசைத்தட்டின் வழியாக அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

1932 இல் பிறந்த ஹாரா, பண்ணை நிலத்தில் உழைத்த ஏழைக் குடும்பத்தின் பிள்ளை. தாயார் அமண்டா கிராமத்துத் திருமண வீடுகளிலும் மரண வீடுகளிலும் கிற்றார் மீட்டிப் பாடுபவர். மகன் முதன்முதலில் இசை கேட்டது அவரிடமே. தாயார் மறைந்தபின் 1950 இல் குருமடத்தில் சேர்ந்த ஹாரா, இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறினார். பின்னர் சிலிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்று நெறியாளரானார். நாட்டார் பாடல்களைத் தேடிச் சேகரித்த வியோலெற்றா பாரா, தொடர்ந்து பாடுமாறு அவரை ஊக்குவித்தார்.

அந்த முதல் இசைத்தட்டில் பெரிய வாத்தியக் குழு இல்லை. அதைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை குரலும் கிற்றாருமே. ஒரு பாடலில் ஏர் பிடிக்கும் உழவனின் வியர்வை இருக்கிறது. இன்னொன்றில் தந்தையின் நினைவும் இளமை வறுமையும் இருக்கின்றன. 1961 இல் கலைக்குழுவுடன் தொலைநாடுகளுக்குச் சென்றிருந்த வேளையில், பின்னாளில் தம் மனைவியான ஜோனை நினைத்து எழுதிய காதற் பாடலும் உண்டு. தாய்வீட்டில் கேட்ட எளிமையை ஹாரா கைவிடவில்லை.

1973 செப்ரெம்பர் 11 ஆம் நாள் இராணுவம் அலெண்டேயின் அரசைக் கவிழ்த்தது. பல்கலைக்கழகத்தில் கைதான ஹாரா, சிலி விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோருடன் அடைக்கப்பட்டார். அங்கே வதைக்கப்பட்டு, சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிணவறையில் கணவரின் உடலை அடையாளம் கண்ட ஜோன், அதனை ஆரவாரமின்றி அடக்கம் செய்தார். பின்னர் இரு புதல்வியரோடும் கணவரின் ஒலிப்பதிவுகளோடும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஆட்சியாளர் தடுத்த பாடல்கள் அந்நிய நாடுகளில் ஒலித்தன. 2009 இல் ஹாராவின் உடல் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 2023 ஓகஸ்டில், முன்னாள் இராணுவத்தினர் எழுவர் மீதான தண்டனையைச் சிலியின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜோன் காலமானார். நீதிக்காக அவர் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தார்.

வீட்டையும் நிலத்தையும் எவரும் கையில் எடுத்துக்கொண்டு எல்லை கடக்க முடியாது. ஒரு குரலும் ஒரு கிற்றாரும் மட்டுமே கொண்ட பாடல், ஓர் அகதியின் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஹாராவின் எளிய இசைத்தட்டின் பலமாக நாம் காண்பது இதனையே.